ஒரு மல்லாட்டை மிச்சம்

அவள் பேரை எழுத மாட்டேன். எழுதினால் யாராவது போன் போட்டுப் படித்துக் காட்டிவிடுவார்கள். அடுத்த பஸ் பிடித்து வந்து நின்று, "ஏன்க்கா எழுதுன, எப்ப எழுதுன, எழுதும்போது இன்னா சாப்ட்டுனு இருந்த?" என்று ஆரம்பிப்பாள். பதில் சொல்லி மாளாது. செஞ்சியில் ராஜகிரிக் கோட்டைக்குப் படி தொடங்கும் இடத்தில், கழுத்தில் விசிலும் மடியில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையுமாக ஒரு காவல்காரி உட்கார்ந்திருப்பாளே, அவள்தான். நாலைந்து வருஷம் முன்பு வரைக்கும் இருந்தாள். இப்போது மகளோடு ஆரணிப் பக்கம் போய்விட்டாள். அந்தத் தெருக்காரர்கள் பாவம்.

அவளுக்குப் பத்தடி தள்ளி, புளியமர நிழலில் நான் வெள்ளரிப்பிஞ்சும் மோரும் விற்றேன். என் படிப்பு மூன்றாவதோடு நின்றது. அவள் எட்டாவது. கூடுதலாகப் போன அந்த ஐந்து வருஷமும் கேள்வி கேட்க மட்டும்தான் கற்றுக்கொண்டாள் என்பது என் எண்ணம். மலை ஏற வருகிறவர் செருப்பைச் சரிசெய்யக் குனிந்தால் போதும், பிடித்துக்கொள்வாள்.

"எந்த ஊரு? கூட யாரு? காத்தால இன்னா சாப்ட்ட? மாத்திர எதனா போடறியா?"

எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிய பிறகு கடைசிக் கேள்வி ஒன்று வைத்திருப்பாள்.

"வூட்ல உனக்காக யாரு காத்துனு இருக்காங்க?"

இதற்குப் பதில் சொல்லாமல் ஒரு ஆள் படியில் கால் வைக்க முடியாது. பெண் பார்க்க வந்த மாமியார்கூட இவ்வளவு கேட்க மாட்டாள் என்று நான் அவளுக்கு 'மாமியார்' என்று பேர் வைத்தேன். கோட்டையில் வேலை செய்கிற எல்லாரும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளுக்குக் கோபமே வராது. "மாமியாருன்னா மருமவ வேணுமே, நீ வரியாக்கா?" என்பாள். அவளைவிட நான் பத்து வயசு பெரியவள்.

கணக்குக்கு அவளிடம் நோட்டு கிடையாது. அவர்கள் கொல்லையில் விளைந்த மல்லாட்டை ஒரு மஞ்சள் பையில் இருக்கும். ஒரு ஆள் மலை ஏறினால் பையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து மடியில் போடுவாள். அந்த ஆள் இறங்கினால் மடியிலிருந்து ஒன்றை எடுத்து உடைத்து வாயில் போட்டுக்கொள்வாள். மூன்று மணிக்கு மேல் யாரையும் ஏற விடுவதில்லை. சாயங்காலம் மடி காலியானால் எல்லாரும் இறங்கியாயிற்று என்று அர்த்தம். அப்புறம்தான் எழுந்து புடவையை உதறுவாள். கூட்டமான நாளில் தின்று முடியாமல் உடைத்து உடைத்து என் கூடையில் போடுவாள். அந்த நாட்களில் நான் மத்தியானச் சோறு கட்டிக்கொண்டு போனதில்லை.

ஒரு நாள் எனக்கு விளையாட்டுப் புத்தி வந்தது. அவள் தண்ணீர் குடிக்கத் திரும்பிய நேரம், பையிலிருந்து ஒரு மல்லாட்டையை எடுத்து அவள் விரித்து வைத்திருந்த முந்தானையில் போட்டுவிட்டேன். சாயங்காலம் எல்லாரும் இறங்கியாயிற்று. மடியில் ஒன்று மிச்சம். என்னிடம் ஒன்றும் கேட்காமல் எழுந்து ஏற ஆரம்பித்தாள். பாதி மலையில் இருக்கிற கமலக்கன்னியம்மன் கோயில் வரைக்கும் போய், ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று விசில் ஊதிப் பார்த்துவிட்டு, ரவிக்கையெல்லாம் நனைந்து இறங்கி வந்தாள். நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதைப் பார்த்ததும் புரிந்துகொண்டாள்.

திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, "உனக்கு வூட்ல யாருக்கா காத்துனு இருக்காங்க?" என்றாள்.

"டிவிதான்டி."

"அதான் உனுக்கு எறங்கறவங்கள பத்தி கவலயே இல்ல" என்று சொல்லிவிட்டு, அந்த மல்லாட்டையை உடைத்துத் தின்றாள்.

இன்னொரு நாள் நடந்ததையும் சொல்ல வேண்டும். நல்ல சட்டை போட்ட ஒரு ஆள் தனியாக வந்தான். கையில் பை இல்லை, தண்ணீர் பாட்டில்கூட இல்லை. கடைசிக் கேள்வியைக் கேட்டாள். "யாரும் இல்ல" என்றான். அவள் படியை மறித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "யாருமில்லாதவங்கள மேல உடக்கூடாதுன்னு ரூலு இருக்குது" என்று வாய் கூசாமல் பொய் சொன்னாள். என் பக்கத்தில் அவனைக் கொண்டுவந்து உட்கார வைத்து, "அக்கா, இவருக்கு மோரு குடு" என்றாள். மூன்று டம்ளர் குடித்தான். ஒவ்வொரு டம்ளருக்கும் பத்துக் கேள்வி. கடைசியில் ஒரு தங்கச்சி இருப்பது வெளியே வந்தது. தங்கச்சி புருஷன் திண்டிவனத்திலிருந்து வந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனார். போகும்போது அந்த ஆள் மலையைத் திரும்பிப் பார்க்கவில்லை. எதையும் விடாமல் கேட்கிறவள், அவன் எதற்கு வந்தான் என்பதை மட்டும் கேட்கவே இல்லை. நானும் அதை வைத்து அவளைக் கேலி செய்யவில்லை.

ஆனால் மற்றதற்கெல்லாம் செய்தேன். அதில் ஒன்றுதான் வினையாகப் போனது.

காலேஜ் படிக்கிற பெண் ஒருத்தி ஒரு பையனோடு வந்தாள். இவள் விடுவாளா? "இவுரு யாரும்மா, கூடப் பொறந்தவரா? கல்யாணம் ஆயிடுச்சா? வூட்ல தெரியுமா?" அந்தப் பெண் முகம் சிவந்து என் கூடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"யாரு பாட்டி அந்தம்மா? அவங்களுக்கு என்ன வந்துச்சு?"

நான் வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்த்தூள் தடவிக்கொண்டே சொன்னேன்: "டிக்கெட்டு குடுக்கிற எடத்துல ஒரு புக்கு வச்சிருக்காங்க, அதுல எழுதிட்டுப் போம்மா. எழுதினாதான் அவ அடங்குவா."

விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அந்தப் பெண் போய் இரண்டு பக்கம் இங்கிலீஷில் எழுதிவிட்டுப் போனாள். அடுத்த வாரம் மேலதிகாரி வந்தார். இன்னொரு புகார் வந்தால் இந்த இடத்தில் உட்கார முடியாது, வேறு ஆள் போட்டுக்கொள்வோம் என்று சொல்லிவிட்டுப் போனார். புருஷன் இல்லாமல், மகளைக் கட்டிக் கொடுக்க வேண்டிய நிலையில் இருந்தாள் அவள். "கேக்கலன்னா போச்சி" என்று சிரித்தாள். அன்று ஆள் இறங்க இறங்க மடியில் இருந்த மல்லாட்டையைத் தின்னாமல் பைக்கே திருப்பிப் போட்டதைப் பார்த்தேன். எழுதச் சொன்னது நான் என்று நான் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆப்காரர்கள் வந்தார்கள். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி. ஞாயிற்றுக்கிழமையில் மலை ஏற ஆசைப்படுகிறவர்களைப் பஸ்ஸில் கூட்டி வருவார்கள். பஸ்ஸில் வராதவர்கள் நேரே இங்கே வந்தும் சேர்ந்துகொள்ளலாம். செல்போனில் அவர்கள் ஆப்பை ஏற்றிக்கொண்டால் போதும். பேர், ஊர், போன் நம்பர், ஆபத்துக்கு யாரைக் கூப்பிடுவது, எல்லாம் அதில் ஏறிவிடும் என்றார் அவர்களுடைய சூப்பர்வைசர். முப்பது வயசுக்காரர், மரியாதையான ஆள்தான்.

"மேடம், நீங்க இனிமே யாரையும் ஒண்ணும் கேக்க வேணாம். எல்லாம் இதுக்குள்ள இருக்கு."

"வூட்ல யாரு காத்துனு இருக்காங்கன்றதும் இருக்குதா சார்?"

"அதுவும் இருக்கு மேடம்."

அவள் போனையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். தன் வேலையை வேறு ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை.

கத்திரி வெயிலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வெயிலுக்கு பயந்து வேறு கூட்டமே இல்லை. ஆப் கூட்டம்தான். சூப்பர்வைசர் கையைத் தட்டிச் சொன்னார்: "புதுசா எதையும் டைப் பண்ண வேணாம். உங்க போன்ல ஏற்கெனவே இருக்கிற மெயில் கணக்கைத் தொட்டா போதும். பேரு, நம்பர் எல்லாத்தையும் அதுவே எடுத்துக்கும்." எல்லாரும் தொட்டார்கள், ஏறினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டு தரையைப் பார்த்தபடி மல்லாட்டையை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி, கழுத்து சுளுக்கிக்கிச்சா?" என்றேன்.

"மூஞ்சப் பாத்தா கேட்ருவேன்க்கா. அதான் கால மட்டும் பாக்கறன்."

எனக்கு அன்று சிரிப்பு வந்தது.

சாயங்காலம் நாலரை மணி. எல்லாரும் இறங்கிப் பஸ்ஸில் ஏறியாயிற்று. வண்டி உறுமிக்கொண்டிருந்தது. அவள் எழுந்திருக்கவில்லை. மடியில் ஒரு மல்லாட்டை.

"சார், ஒரு ஆளு எறங்கல" என்றாள்.

சூப்பர்வைசர் போனைத் திறந்து வரிவரியாகப் படித்துக் காட்டினார். எனக்கும் எட்டிப் பார்க்க இடம் கிடைத்தது. வரிசையாகப் பேர்கள். மொத்தம் முப்பத்தொரு வரி. முப்பதில் பேர், நம்பர் எல்லாம் இருந்தன. பக்கத்தில் இறங்கிவிட்டார்கள் என்று பச்சை அடையாளமும் இருந்தது. கடைசி வரியில் பேர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் 'யூசர்' என்று மட்டும். ஊர் காலி. போன் நம்பர் காலி. யாரைக் கூப்பிடுவது என்கிற இடமும் காலி. ஒரு வட்டத்துக்குள் பிறந்தநாள் கவுன் போட்ட கைக்குழந்தை படம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.

"இதோ இருக்குதே" என்றாள்.

"இது ஆள் இல்ல மேடம். சிலருக்கு மெயில் வழியா உள்ள வந்தா விவரம் வராம காலியா நின்னுடுது. அப்புறம் அவங்களே நம்பர் போட்டு மறுபடி வருவாங்க. ஒரே ஆளு, ரெண்டு வரி. முப்பது பேர்தான் ஏறினாங்க. இந்தக் குழந்தையா மலை ஏறிச்சு, சொல்லுங்க?"

பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். தனியாக வந்து சேர்ந்தவர்கள் யாராவது ஞாபகம் இருக்கிறதா என்று ஜன்னல் ஜன்னலாகக் கேட்டாள். ஒரு பெண், "கடைசியா ஒரு அங்கிள் வந்தாரோ?" என்றாள். பக்கத்தில் இருந்தவள், "அது போன வாரம்டி" என்றாள்.

"நீங்க பாத்தீங்களா மேடம்? ஆள் எப்படி இருந்தாரு?" என்று சூப்பர்வைசர் கேட்டார்.

அவளால் சொல்ல முடியவில்லை. அத்தனை வருஷத்தில் அவள் வாய் மூடியிருந்த ஒரே நாள் அது.

"மல்லாட்டை இருக்குது சார்" என்றாள், சின்னக் குரலில்.

"ஒண்ண சாப்பிட மறந்திருப்பீங்க. இல்லனா..." என்று இழுத்துக்கொண்டே அவர் என்னைப் பார்த்தார். என் பழைய விளையாட்டு கோட்டை முழுக்கத் தெரிந்த கதை. டிக்கெட் கொடுக்கிற ஆளும் வந்து நின்று, "எம்மா, நீ போட்டியா? சொல்லிடும்மா, பஸ்ஸு நிக்குது" என்றார்.

"நான் போடலப்பா."

"அம்மன் மேல சத்தியமா?"

"சத்தியமா."

"போன தபாவும் இப்டிதான் சத்தியம் பண்ண" என்றார். உண்மைதான். அன்று அவள் மேலே ஏறிய நேரம் இவர் வந்து கேட்டபோது பண்ணியிருந்தேன். ஒரு மனுஷன் உயிர் மேலே கிடக்கிறதோ என்னவோ, கீழே என் பேச்சுக்கு ஒரு பொட்டு மதிப்பு இல்லை. மேலே யாரும் இல்லாமல் அவள் பஸ்ஸை நிறுத்தி வைத்தாள் என்றால், அதுவே இரண்டாவது புகார். அது அவளுக்கும் தெரியும்.

அவள் என் பக்கம் வந்தாள். சத்தியம் கேட்கவில்லை. மடியிலிருந்து அந்த மல்லாட்டையை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.

"நீ போட்டிருந்தா தின்னுடு. போடலன்னா என்கிட்ட குடு."

தின்றால் எல்லாம் முடிந்துவிடும். பஸ் போகும், அவள் வேலை தப்பும், எல்லாரும் என்னைத் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். கொடுத்தால் அவள் ஏறுவாள். திருப்பிக் கொடுத்தேன்.

அதை முந்தானையில் முடிந்துகொண்டாள். "பச்ச வாரு போட்ட செருப்பு ஒண்ணு ஏறிச்சி" என்றாள், தரையைப் பார்த்தபடியே. "மத்ததெல்லாம் ஷூ. செருப்பு எறங்கல." சூப்பர்வைசரையும் இழுத்துக்கொண்டாள். "அக்கா, யாரும் இல்லனா ஒரு வாட்டி ஊதறேன், பஸ்ஸ அனுப்பிடு. கெடச்சா ரெண்டு வாட்டி ஊதறேன், ஆம்புலன்சுக்கு சொல்லச் சொல்லு."

என் முழங்கால் அந்தப் படிக்கு ஆகாது. கீழே நின்றேன். பஸ்காரர்கள் என்னைத்தான் கேட்டார்கள், இன்னும் எவ்வளவு நேரம் என்று. ஒருத்தர், "பாட்டி, விளையாடாம சொல்லுங்க" என்றார். நான் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். பாறையில் வெயில் மஞ்சளாகி மேலே மேலே ஏறிக்கொண்டிருந்தது.

விசில் கேட்டது. ஒன்று.

காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். குரங்குச் சத்தம்தான் வந்தது.

"ஒண்ணுதான். கெளம்பலாம்" என்றார் டிரைவர்.

"இருப்பா."

"அந்தம்மாதான சொல்லிச்சு, ஒண்ணுன்னா யாருமில்லன்னு?"

அப்போது எனக்கே சந்தேகம் வந்தது. பழக்க தோஷத்தில் என் கை தானாகப் போட்டிருக்குமோ? மத்தியானம் அவள் பக்கத்தில் போனேனா? தண்ணீர் கேட்டாளே, அப்போதா? எத்தனை பேரை எத்தனை விதமாக ஏமாற்றிய கை இது. நானே நம்ப முடியாத ஒரு கையை அவள் நம்பிவிட்டுப் போயிருக்கிறாள். டிரைவர் கியரைப் போட்டார். நான் போய் வண்டி முன்னால் நின்றேன்.

ஹாரன் அடித்தார். அந்தச் சத்தத்தினூடே வந்தது இரண்டாவது விசில்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய பையன்களே ஏறி அவரைத் தூக்கி வந்தார்கள். வந்தவாசிக்காரர், ஐம்பது வயசுக்கு மேல். பஸ் பிடித்துத் தனியாக வந்தவர். கமலக்கன்னியம்மன் கோயிலுக்கு மேலே, நிழலுக்கு ஒதுங்கப் படியை விட்டு இறங்கி, பாறை இடுக்கில் சறுக்கிக் கணுக்கால் பிசகிக் கிடந்திருக்கிறார். போன் எங்கேயோ கீழே விழுந்துவிட்டது. கத்தித் தொண்டை வற்றிவிட்டது. படியோரம் கிடந்த பச்சை வார் செருப்பைத்தான் அவள் முதலில் பார்த்தாளாம்.

"ஏன்டி ஒண்ணு ஊதிட்டு நிறுத்துன? என் உசுரே போயிடுச்சி" என்றேன்.

"ஒண்ணு ஊதினதும் அந்தாளு கண்ணு சொருகிச்சிக்கா. தண்ணி குடுத்துட்டுதான் ரெண்டாவது ஊதினேன்."

ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் புளியமரத்தடியில் அவரைப் படுக்க வைத்தோம். சூப்பர்வைசர் முகம் வெளுத்திருந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு குனிந்தார்.

"சார், பேரு, நம்பர், வீட்டு ஆளுங்க நம்பர் சொல்லுங்க. புரொஃபைல்ல ஏத்திடறேன்."

அடிபட்டவர் அவளைக் கை காட்டினார். அவள்தான் சொன்னாள். பேரில் ஆரம்பித்து, தெரு, மனைவிக்குக் காது கேட்காது, அதனால் போன் எடுக்க மாட்டாள், மகளைத்தான் கூப்பிட வேண்டும், மகள் நம்பர் இது, சர்க்கரைக்கு இரண்டு வேளை மாத்திரை, காலையில் இரண்டு இட்லிதான் உள்ளே போனது, படத்தில் இருப்பது மகள் வயிற்றுப் பேத்தி, அந்த மெயில் கணக்கே மகள் போட்டுக் கொடுத்தது என்று ஒப்பித்தாள். இறங்கி வருகிற வழியெல்லாம் அவர் கண்ணை மூடவிடாமல் கேட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். சூப்பர்வைசர் அத்தனையையும் ஒரு வரி விடாமல் அடித்துக்கொண்டார். இட்லிக்கு மட்டும் அதில் இடமில்லை.

ஆம்புலன்ஸ் போனது. பஸ்ஸும் போனது. புகார் ஒன்றும் வரவில்லை. அந்தச் சூப்பர்வைசர் அடுத்த வாரத்திலிருந்து தன் ஆட்களை வரிசையில் நிறுத்தி, "முதல்ல மேடம் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க" என்பார். அது அப்புறம் நடந்தது.

அன்று எல்லாரும் போன பிறகு அவள் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து அந்த மல்லாட்டையை உடைத்தாள். உள்ளே இரண்டு பருப்பு. ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள். இன்னொன்றை என் கையில் வைத்தாள்.

"தின்னுக்கா. புக்குல எழுதச் சொன்ன வாய்க்கு."

எனக்குத் தூக்கிப்போட்டது. "உனுக்கு எப்டிடி தெரியும்?"

"அந்தப் பொண்ணு எழுதிட்டு என் முன்னாடிதான போச்சி. யாரும்மா எழுதச் சொன்னதுன்னு கேட்டேன். சொல்லிட்டா."

"தெரிஞ்சுமா என் கைல குடுத்துப் பாத்த?"

"வேற யாரு கைல குடுக்கறது? நீதான இருந்த."

புடவையை உதறிக்கொண்டு எழுந்தாள். மடி காலி. நான் அந்தப் பருப்பை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தேன். அவள் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து, கண்ணுக்கு மறைகிற வரைக்கும் மென்றுகொண்டிருந்தேன். ஒரே ஒரு பருப்புதான். உள்ளே இறங்க அவ்வளவு நேரமாயிற்று.